ஆயுத பூஜைக்குக் குளித்த கார்கள்

மைசூர்
22-9-2025

அன்புள்ள அக்காவுக்கு,

மிகுந்த துயரத்துடன் தெரிவித்துக்கொள்வது: நம் வீட்டுக் குளியலறையின் நீல வாளி, ஒன்பது ஆண்டு கால ஓயாத சேவைக்குப் பிறகு, இன்று காலை ஆறு நாற்பதுக்குத் தன் கைப்பிடியைத் துறந்தது. சம்பவ இடத்தில் இருந்த ஒரே சாட்சி நான். அப்போது என் உடம்பில் சோப்பு நுரை தவிர வேறொன்றும் இல்லை. வாளிக்கு உற்றார் உறவினர் என்று ஒரு மக் மட்டும் இருக்கிறது. அப்பா கட்டுக்கம்பியைக் கொண்டுவந்து இறுதிச் சடங்கை ஒத்திவைத்துவிட்டார்.

வார்டன் மேடம், வணக்கம். கடிதங்களை முதலில் பிரிப்பது நீங்கள்தான் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். கன்னடத்தில் எழுதினால் உங்களுக்குப் புரியாது, புரியாததை உள்ளே விடமாட்டீர்கள். அதனால்தான் கன்னடத்தில் கனவு காண்கிற நான் தமிழில் முக்கி முக்கி எழுதுகிறேன். பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்தி அக்காவிடம் கொடுங்கள். விடுதி என்று பெயர் வைத்துவிட்டு ஒருத்தரையும் விடாமல் வைத்திருக்கிறீர்களே, அந்தப் பிழையை யார் திருத்துவது?

சரி, முக்கியச் செய்தி. இன்று நவராத்திரி முதல் நாள். எதிர்வீட்டு பாப்பம்மாள் ஆண்ட்டி ஒன்பது படி கட்டி, மேல்படியில் ராஜா ராணி மரப்பொம்மைகளை உட்காரவைத்துவிட்டார். நம் ஹாலில் செருப்பு ஸ்டாண்டு மட்டும் நிற்கிறது. நீ போனதிலிருந்து அம்மா அடுப்படி, கட்டில், ஜன்னல் என்று மூன்று ஸ்டாப்பில் மட்டும் நிற்கிற பஸ் மாதிரி இருக்கிறாள். "இந்த வருசம் கொம்பேக் கொலு வேண்டான்டா. யாரு வந்து பாக்கறாங்க?" என்றாள்.

நான் சும்மா இருப்பேனா? ஸ்டாண்டைக் காலி செய்து, கழுவி, அப்பாவின் வெள்ளை வேட்டியை விரித்தேன். ஐந்து படி ரெடி. அதில் இப்போது கொலுவீற்றிருப்பவர்கள் யார் தெரியுமா? உன் முப்பத்தொரு குட்டிக் கார்கள்.

கத்தாதே, மேடம் ஓடி வருவார். டிரங்குப் பெட்டியின் பூட்டை நான் உடைக்கவில்லை. ஹேர்பின் வைத்து மெதுவாகக் கேட்டேன், அதுவே சம்மதித்தது. மேல்படியில் உன் கல்கத்தா வேனும் லண்டன் ரோடு ரோலரும். அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: "டை-காஸ்ட் கார்களின் வரலாறு. வழங்குபவர்: மதன்." வரலாறு எனக்குத் தெரியாது. ஆனால் வழங்கத் தெரியும்.

நம் லேஅவுட் சங்கம் விஜயதசமியன்று வீடு வீடாக வந்து சிறந்த கொலுவுக்குப் பரிசு தரப்போகிறது. முதல் பரிசு நமக்குத்தான் என்று இப்போதே எழுதிவைத்துக்கொள். யோசனை என்னுடையது. அரங்கம் என்னுடையது. கார்கள் மட்டும் ஏதோ உன்னுடையவை.

உன் அருமைத் தம்பி,
மதன் (கண்காட்சி இயக்குநர்)


நாமக்கல்
26-9-2025

மதன்,

'அன்புள்ள' போடவில்லை என்பதைக் கவனி.

உன் கடிதத்தை வார்டன் சிரித்துக்கொண்டே கொடுத்தார். மூன்று மாதத்தில் அவர் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். உனக்கு எங்கே போனாலும் ரசிகர்கள். வெளியே போகும் கடிதத்தை இங்கே யாரும் பார்ப்பதில்லை, அதனால் நேராகவே எழுதுகிறேன். கார்களை இப்போதே பெட்டிக்குள் வை.

அவை எனக்கு விளையாட்டு இல்லை என்று உனக்குத் தெரியும். ஜூனில் நீட் மதிப்பெண் வந்த அன்று நீயும் ஹாலில்தான் இருந்தாய். இன்னொரு வருடம் நீட் வேண்டாம், டூல் அண்ட் டை டிப்ளமோ சேர்கிறேன் என்று அப்பாவிடம் கேட்டேன். அப்பா சட்டைக் கையைத் தோள் வரை சுருட்டி அந்தத் தழும்புகளைக் காட்டினார். "இருவது வருசம் டை-காஸ்டிங் மெசின் முன்னால நின்னு வெந்தவன் நானு. என்ற புள்ள அந்தக் கம்பெனி கேட்டுக்குள்ள காலு வெக்கறதா?" நான் உருகிய உலோகத்தின் முன்னால் நிற்கப் போகவில்லை, அதை வாங்கிக்கொள்கிற அச்சை வடிவமைக்கப் போகிறேன் என்றேன். "பொம்மக் காரு வெச்சு வெளையாடறவளுக்கு அச்சப் பத்தி என்ன தெரியும்? தெரிஞ்சாச் சொல்லு, கேக்கறேன்" என்றார்.

கேக்கறேன் என்றார் மதன். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் இந்த நீட் கோச்சிங் விடுதியில் காலை ஐந்து மணிக்கு எழுந்து தவளையின் குடலைப் படித்துக்கொண்டிருக்கிறேன். தீபாவளிக்கு வந்து அவரை உட்காரவைத்து, கார்களை வரிசையாக வைத்துச் சொல்லப்போகிறேன். அவர் சரி என்றால் நான் இங்கே திரும்பி வரமாட்டேன். இல்லை என்றால் அடுத்த மே வரை இந்தச் சுவர்தான்.

வரலாறு தெரியாது என்று எழுதியிருக்கிறாய். தெரிந்துகொள். முப்பதுகளில் இவை பொம்மை ரயிலுக்குத் துணைச் சாமானாகப் பிறந்தவை. ஸ்டேஷன் வாசலில் நிறுத்திவைக்க ஒரு கார், அவ்வளவுதான். போர் முடிந்ததும் லண்டனில் சிலர் ஒரு பழைய மதுக்கடைக் கட்டடத்தில் டை-காஸ்டிங் மெஷின் போட்டார்கள். அவர்களில் ஒருவருடைய மகளின் பள்ளிக்கூடத்தில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையைத்தான் கொண்டுவரலாம் என்று விதி. அவர் தீப்பெட்டிக்குள் அடங்குகிற மாதிரி ஒரு ரோடு ரோலர் செய்து கொடுத்தார். வகுப்பே அதைக் கேட்டது. ஒரு பள்ளிக்கூட விதியிலிருந்து ஒரு தொழிலே பிறந்துவிட்டது. இங்கேயும் விதிகள் நிறைய இருக்கின்றன. தலைவலியைத் தவிர ஒன்றும் பிறக்கக் காணோம்.

அப்புறம் போட்டி வந்தது. ஒருவர் பிளாஸ்டிக் கண்ணாடி ஜன்னல் வைத்தார். அமெரிக்காக்காரர்கள் ஊசி மாதிரி அச்சாணி போட்டு ஓடவிட்டார்கள். இங்கிலாந்தில் தேய்ந்த பழைய அச்சுகளில் சில கப்பலேறிக் கல்கத்தா வந்தன. அடித்தளத்தில் இருந்த ஆங்கிலக் கம்பெனிப் பெயரைச் சுரண்டிவிட்டு, நம் ஆட்கள் அதே அச்சில் வார்த்தார்கள். கரியப்பன் குஜரிக் கடையில் பழைய இரும்புக் குவியலில் நான் கண்டெடுத்த அந்த வேன் அப்படிப்பட்டது. அதன் அடியில் பெயர் சுரண்டிய தடம் இருக்கிறது. அப்பாவிடம் அதிலிருந்துதான் ஆரம்பிக்கப்போகிறேன். மேலே இருக்கும் பெயிண்டும் சின்னச் சின்ன எழுத்துகளும்தான் எது எந்த வருடம், எந்த ஊர் என்பதற்குச் சாட்சி. பெயிண்ட் போனால் நான் சொல்வதெல்லாம் வெறும் கதை.

அடுத்த வாரம் ஆயுத பூஜை. அம்மா அப்பாவின் ஸ்பேனர்களைச் சூடான சோடாத் தண்ணீரில் ஊறவைப்பாள். கார்களை அந்தப் பக்கமே கொண்டுபோகாதே. அவை துத்தநாகக் கலவை. சூடான சோடாவில் பெயிண்ட் உரிந்துவிடும். புளி பட்டால் உலோகமே கறுத்துவிடும். அம்மாவிடமும் ஒரு வார்த்தை சொல்லிவை.

அனுப்ரியா


மைசூர்
3-10-2025

மாண்புமிகு அக்கா அவர்களுக்கு,

முதல் பரிசு! முதல் பரிசு! முதல் பரிசு! மூன்று தடவை எழுதினால்தான் நீ நம்புவாய். சங்கத் தலைவர், செயலாளர், இன்னும் இரண்டு தொப்பைகள், எல்லோரும் நம் செருப்பு ஸ்டாண்டுக்கு முன்னால் குனிந்து நின்றார்கள். "ஏன் ஐடியா கணோ இது!" (மேடத்துக்காக: என்ன ஐடியாடா இது!) என்று தலைவர் என் முதுகில் அடித்த அடியில் இன்னும் எரிகிறது. கேடயம் டிவி மேல் இருக்கிறது. பாப்பம்மாள் ஆண்ட்டி என்னைப் பார்த்தால் திரைச்சீலையை இழுத்துவிடுகிறார்.

உன் கடிதம் இன்று காலைதான் கைக்கு வந்தது. தசரா லீவில் தபாலை யானை மேல் வைத்து அனுப்பியிருப்பார்கள் போல. இரண்டு நாள் முன்னால் வந்திருக்கலாம். வரவில்லை. அதனால் பின்வரும் நிகழ்ச்சிக்கு என்னைத் தூக்கில் போடக்கூடாது.

ஆயுத பூஜையன்று ஊரே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியாததா? ஆட்டோ, பஸ், சுரேந்தர் அண்ணனின் ஜேசிபி வரைக்கும் குளித்து, பொட்டு வைத்து, மாலை போட்டு நின்றன. இவ்வளவு வண்டிகளுக்கும் பூஜை, நம் வீட்டு முப்பத்தொரு வண்டிகளுக்கு மட்டும் இல்லையா? அக்கா இல்லாவிட்டால் அவள் ஆயுதங்களுக்குப் பூஜை இல்லாமல் போய்விடுமா? இதுதான் நான் கேட்டது. அதனால் உன் கார்களுக்கு வெந்நீரில் சோடா ஸ்நானம், புளி அபிஷேகம், கம்பி நாரால் மங்கள மசாஜ், எல்லாம் செய்துவைத்தவன் நான். எலுமிச்சை சக்கரத்தைவிடப் பெரிதாக இருந்ததால் சுண்டைக்காயை வைத்து நசுக்கினேன். பூசணிக்காய்க்குப் பதில் ஒரு கோவைக்காயைக் குடைந்து குங்குமம் நிரப்பி, திருஷ்டி சுற்றி, நடு ஹாலில் உடைத்தேன். ரீல் போட்டிருக்கிறேன். நாலாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். இதுவரை நான் செய்த குறும்புகளிலேயே இதுதான் தலைசிறந்தது என்று என் கிளாஸில் தீர்மானமே நிறைவேறியிருக்கிறது.

ஒரு சின்ன விஷயம். பெயிண்ட் கொஞ்சம் வந்துவிட்டது. கொஞ்சம் என்றால், இருந்த அளவு. உள்ளே இருந்த உலோகம் புளிக்குக் கோபித்துக்கொண்டு கறுத்துவிட்டது. கார் என்றால் கருமை என்று தமிழ் மிஸ் சொன்னபோது நான் நம்பவில்லை. இப்போது முப்பத்தொரு ஆதாரம் இருக்கிறது.

கோபப்படாதே. கேடயத்தில் உன் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்கிறேன்.

மதன் (முதல் பரிசு)


நாமக்கல்
7-10-2025

மதன்,

கேட்டதற்கு மட்டும் பதில் எழுது. ஒன்றுகூட மிஞ்சவில்லையா? கல்கத்தா வேனின் பக்கவாட்டில் பால் கம்பெனிப் பெயர் ஒன்று இருந்ததே, அதில் ஒரு எழுத்தாவது தெரிகிறதா? அடித்தளத்தில் சுரண்டிய தடம் இருக்கிறதா, அதையும் நாரால் தேய்த்துவிட்டாயா? நீ இதையெல்லாம் செய்துகொண்டிருந்தபோது அம்மா எங்கே இருந்தாள்? அவள் பார்த்திருந்தால் விட்டிருக்கமாட்டாள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வார்டன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

எனக்கு ஒன்பது வயதிலிருந்து சேர்த்தது. ஒவ்வொரு ஞாயிறும் குஜரிக் கடையில் துருவோடு துருவாக உட்கார்ந்து பொறுக்கியது. அவற்றைப் பற்றி நான் எழுதிய நோட்டில் ஒவ்வொரு காருக்கும் ஒரு பக்கம். அந்த நிறம், அந்த எழுத்து, அந்தச் சக்கரம் என்று. இப்போது அந்த நோட்டு எதைப் பற்றியது? அப்பா முன்னால் முப்பத்தொரு கருப்புக் கட்டிகளை வைத்து, இது இந்த வருடம், இது அந்த வருடம் என்று சொன்னால், பொம்மை வைத்து விளையாடுகிறவள் என்று அவர் சொன்னதை நானே நிரூபித்த மாதிரி இருக்கும்.

உனக்கு இன்னும் கொஞ்சம் வரலாறு சொல்கிறேன். பழைய கார்களுக்கு ஒரு நோய் உண்டு. வார்க்கும்போது துத்தநாகத்தில் ஒரு துளி ஈயம் கலந்துவிட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மேலே பெயிண்ட் பளபளக்கும், எல்லோரும் கையில் எடுத்துக் கொஞ்சுவார்கள். பல வருடம் கழித்து உள்ளிருந்தே விரிசல் விடும். பிறகு ஒருநாள் பெட்டியைத் திறந்தால் பொடி மட்டும் இருக்கும். அதற்கு மருந்தே கிடையாது. நம் வீட்டில் கலந்த அந்தத் துளி நீ. எல்லோருக்கும் சிரிப்பு வருகிறது, அதனால் யாருக்கும் தெரியவில்லை.

அப்பாவிடம் இப்போதைக்கு எதுவும் சொல்லாதே.

அனுப்ரியா


மைசூர்
11-10-2025

அக்கா,

துத்தநாகம் என்ற பெயரிலேயே நாகம் இருக்கிறது, கடிக்கும் என்று நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். நன்றாகவே கடித்துவிட்டாய்.

நான் ஈயம். சரி. இப்போது ஈயம் பேசுகிறது, கேள்.

உன் பெட்டி மூடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தாய். "மதன் கை பட்டால் கை இருக்காது." எனக்கு அப்போது ஏழு வயது, எழுத்துக் கூட்டி அதைப் படித்தேன். நான் படித்த முதல் முழு வாக்கியமே அதுதானோ என்னவோ. பத்து வருடமாக ஒரே அறையில் படுத்திருக்கிறோம். ஒரு தடவைகூட ஒரு காரை என் கையில் நீ கொடுத்ததில்லை. நீ அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாய், நான் உன் முதுகைப் பார்ப்பேன். வரலாறு தெரியாது என்று எழுதினேன் இல்லையா? யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

இன்னொன்று. நீ அங்கே போனதிலிருந்து இங்கே சாப்பாட்டு நேரத்துப் பேச்சு என்னவென்று உனக்குத் தெரியாது. "அனுக்கு மனசில்லீன்னா மதனு இருக்கறான்" என்கிறார் அப்பா, ரசம் ஊற்றிக்கொண்டே. உன் பழைய பயாலஜி புத்தகங்கள் என் மேசைக்கு வந்துவிட்டன. முதல் தோசை கல்லில் ஒட்டிக்கொண்டால் அடுத்த கரண்டி மாவை எடுப்பார்களே, அந்த மாவு நான். நீ தீபாவளிக்கு வந்து அச்சு, வார்ப்பு என்று பேசி அப்பாவை மயக்கிவிட்டுப் போய்விடுவாய். உன் கட்டில் அங்கே காலியாகும். அதில் யார் படுப்பது என்று ஒருநாளாவது யோசித்தாயா?

இதையெல்லாம் மீறியும் நான் உனக்காக என்னென்ன செய்திருக்கிறேன் என்று கேள். ஸ்வாதியிடம் நெயில் பாலிஷ் வாங்கி ஒன்பது கார்களுக்குப் பெயிண்ட் அடித்தாகிவிட்டது. கடையில் இருந்து வந்த மாதிரி மின்னுகின்றன. உன் வேனின் அடியில் தடம் அப்படியே இருக்கிறது, பக்கவாட்டு எழுத்து மட்டும் இல்லை. அதைவிடப் பெரிய சமாச்சாரம்: நேற்று அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அவரை உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசினேன். வக்கீல் தோற்றுப்போவார். உன் ரயில் கதை, தீப்பெட்டிக் கதை, கப்பல் கதை எல்லாம் சொன்னேன். அப்பா வாயைத் திறக்கவில்லை. பாதி மடங்கிவிட்டார். நீ வந்து மீதியை மடித்தால் போதும்.

வா. திட்டுவதாக இருந்தாலும் நேரில் வந்து திட்டு.

மதன்


நாமக்கல்
15-10-2025

மதன்,

நான் தீபாவளிக்கு வரவில்லை. டெஸ்ட் இருக்கிறது என்று வார்டனை வீட்டுக்குச் சொல்லச் சொல்லிவிட்டேன். டெஸ்ட் இல்லை. விடுதியில் நாங்கள் ஆறு பேர் இருப்போம். லட்டு தருவார்களாம்.

நீ அப்பாவிடம் பேசியதாக எழுதியதை மூன்று தடவை படித்தேன். அப்பா ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல் கேட்டார் என்கிற இடத்தில்தான் தெரிந்துவிட்டது. பொய்யைக்கூட நம் வீட்டு ஆளைப் போலச் சொல்ல உனக்குத் தெரியவில்லை.

நெயில் பாலிஷ். ஒன்பது கார்களுக்கு. இதற்கு நான் என்ன எழுதுவது?

அந்தச் சீட்டு ஒட்டியது உண்மைதான். எனக்குப் பத்து வயது. அதை நான் எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை. என் கட்டிலில் அடுத்தது யார் என்றும் நான் யோசிக்கவில்லை. அதற்கெல்லாம் உனக்கு என்னிடம் கோபம் இருந்தால் என்னிடம் காட்டியிருக்கலாம். அந்தக் கார்கள் என்ன செய்தன?

அந்த வீட்டில் என் பொருளைப் பொருளாக மதித்தது அம்மா ஒருத்திதான். என்னை இங்கே அனுப்பியபோது வாயைத் திறக்கவில்லை என்று அவள் மேல் நான் கோபமாக இருந்தேன். வந்ததிலிருந்து அவளுக்கு ஒரு வரி எழுதவில்லை. உன்னைப் பார்த்தபிறகு அவள் எவ்வளவோ மேல் என்று தெரிகிறது. அவளிடம் மட்டும் கோபம் இல்லை என்று சொல்லு.

இனி எனக்கு எழுதாதே. உன் கையெழுத்தில் கவர் வந்தால் கொடுக்கவேண்டாம் என்று வார்டனிடம் சொல்லிவிட்டேன்.

அனுப்ரியா


மைசூர்
23-10-2025

வார்டன் மேடம்,

அக்கா இதை வாங்கமாட்டாள். நீங்கள் எப்படியும் பிரிப்பீர்கள். படித்துவிட்டு அவள் தலையணைக்கு அடியில் வைத்துவிடுங்கள். சிரிப்பு எதுவும் இல்லை, முன்கூட்டியே மன்னிக்கவும்.

அக்கா,

தீபாவளியன்று காலை அப்பா எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தார். செருப்பு ஸ்டாண்டு இன்னும் கொலுவாகத்தான் இருக்கிறது. நீ வந்து பார்க்கட்டும் என்று அம்மா கலைக்கவிடவில்லை. நீ வரவில்லை என்றதும் அப்பா எழுந்து போய் மேல்படியில் இருந்த கல்கத்தா வேனை எடுத்தார். அதை அவர் கையில் எடுத்து நான் பார்த்ததே இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீ பார்க்கிற மாதிரியே.

"இதப் பார்றா. அச்சு ரெண்டும் சேர்ற கோடு மயிரளவுக்கு இருக்குது. இத வெட்டுனவன் லேசுப்பட்ட ஆளில்ல" என்றார். தனக்குத்தானே சொல்கிற மாதிரி. பெயிண்ட் இல்லாததால் அவருக்கு அது தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அப்புறம் அடியில் விரலை வைத்துத் தேய்த்தார். "இங்க என்னமோ பேரு இருந்திருக்குது. சொரண்டிருக்கறாங்க. ஏன்டா?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். அக்கா, அவர் கேட்டார். உன் செப்டம்பர் கடிதம் எனக்கு மனப்பாடம். கல்கத்தா, கப்பல், தேய்ந்த அச்சு எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. இது அக்கா உங்களிடம் சொல்ல வைத்திருந்தது என்று ஒரு வரி சொன்னால் போதும்.

"தெரீலப்பா" என்றேன்.

அவர் வேனை மறுபடி நிமிர்த்தினார். "இப்புடிச் சுத்தமா வார்க்கோணும்னா அவனுங்க கையி எத்தன தடவ வெந்திருக்கோணும். புள்ளைய அங்க அனுப்புனது சரிதான்" என்று சொல்லிவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தார். குளிக்கப் போய்விட்டார்.

அதனால் நான் அவரிடம் ஒரு மணி நேரம் பேசியது உண்டா என்று இனி நீ கேட்கவேண்டியதில்லை. ஒரு நிமிஷம்கூடப் பேசவில்லை. முதல் பரிசு பாப்பம்மாள் ஆண்ட்டிக்கு. சங்கத்து ஆட்கள் நம் வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, "செருப்பு ஸ்டாண்டல்லவா இது" என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். டிவி மேல் இருப்பது ரிமோட். ரீலை ஏழு பேர் பார்த்தார்கள், அதில் நான் நாலு. நெயில் பாலிஷ் ஒரு காரின் பாதிக் கதவு வரைக்கும் வந்தது.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன், சுற்றிக்கொண்டே இருக்கிறேன்.

கார்களைக் கழுவியது நான் இல்லை. அம்மா.

ஆயுத பூஜையன்று காலை பின்கட்டில் அப்பாவின் ஸ்பேனர்களை ஊறப்போட்டுவிட்டு, ஹாலுக்குப் போய் உன் கார்களை முந்தானையில் அள்ளிக்கொண்டு வந்தாள். "அவ இல்லீன்னா அவ ஆயுதத்துக்குப் பூசை இல்லாமப் போயிருமாடா? அப்பனுக்கு ஸ்பேனரு, அவளுக்கு இது" என்றாள். நீ போனபிறகு அன்றைக்குத்தான் அவள் வாயில் பாட்டு வந்தது. ஒவ்வொன்றாகத் தேய்த்தாள், குழந்தைக்குக் காது பின்னால் தேய்ப்பாளே அப்படி. பெயிண்ட் உரிந்து வந்ததை அழுக்கு என்று நினைத்தாள். "எத்தன வருசத்து அழுக்குடா இது" என்று இன்னும் அழுத்தித் தேய்த்தாள். இப்போதும் அவை நன்றாக இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். கறுத்திருப்பதைப் பார்த்து, பழைய சாமான் என்றால் அப்படித்தான் இருக்கும் என்கிறாள். நேற்றுக்கூட ஒரு துணியால் துடைத்தாள்.

அவள் செய்தாள் என்று எழுதினால் நீ அவளுக்கு ஆயுளுக்கும் எழுதமாட்டாய் என்று பயந்துதான் பழியை நான் ஏற்றுக்கொண்டேன். இப்படி எழுதி முடித்துவிட்டால் நான் தியாகி ஆகிவிடுவேன். போன வாரம் முழுக்க அப்படித்தான் நினைத்துக்கொண்டு சுற்றினேன்.

உன் கடிதம் மூன்றாம் தேதி வரவில்லை. முப்பதாம் தேதியே வந்துவிட்டது. சோடா, புளி எல்லாம் படித்துவிட்டேன். அம்மா கார்களை அள்ளிக்கொண்டு வந்தபோது அது என் சட்டைப் பையில் இருந்தது. நான் துவைக்கிற கல்லுக்கு எதிரே உட்கார்ந்து, சாமிக்கு வாங்கின பொரியைத் தின்றுகொண்டிருந்தேன். "தண்ணி ஆறிப்போச்சா பாரு கண்ணு" என்றாள். விரலை விட்டுப் பார்த்தேன். "சூடாத்தான் இருக்குதும்மா" என்றேன். அப்பா உனக்குச் சரி என்று சொல்லிவிட்டால் அந்தக் கட்டில் எனக்கு என்று அப்போது நினைத்தேனா என்று கேட்டால், ஆமாம்.

இவ்வளவு பெரிய குறும்புக்காரன் என்று உனக்கு நாலு பக்கம் எழுதியவன், அன்றைக்குக் கையைக்கூட நனைக்கவில்லை, ஒரு விரலைத் தவிர. அவள் ஒவ்வொரு காராகத்தான் தண்ணீரில் போட்டாள். முப்பத்தொரு தடவை வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன், பொரி போட்டுக்கொள்ள.

மதன்